அஞ்சு ஊருக்கு ஒரே செய்தி

விற்றவருக்கும் சந்தோஷம், வாங்கியவருக்கும் சந்தோஷம். நடுவில் மாட்டிக்கொண்டவர் சேர்மத்துரை.

சென்னையின் பெரிய டிவி கம்பெனி ஒன்று, ஒரே வாரத்தில் அஞ்சு ஊர் லோக்கல் சேனல்களை வாங்கிப்போட்டது. அதில் ஒன்றான எங்கள் ஊர்ச் சேனலில் இருபது வருஷமாகச் செய்தி எழுதி, அதைப் படித்து, வயரும் மாட்டிக் களைத்துப்போனவர் சேர்மத்துரை. மேஜை நாற்காலியோடு அவரையும் சேர்த்து வாங்கிவிட்டதாகக் கம்பெனிக்கு நினைப்பு.

திறப்பு விழாவுக்கு மேலாளர் ரகோத்தமன் வந்தார். மாலையைக் கழற்றாமலே செய்தி எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். 'பால்கார அருளப்பன் காலமானார். நாலு மணிக்கு அடக்கம்' என்றிருந்தது. எங்கள் ஊரில் சேனலில் சொன்னால்தான் அடக்கத்துக்கு ஆள் சேரும்.

"யாருய்யா இவரு? மத்த நாலு ஊருக்கும் இவரைத் தெரியுமா? இனிமே அஞ்சு ஊருக்கும் ஒரே செய்திதான். அஞ்சு ஊருக்கும் தெரிஞ்ச பேரை மட்டும் போடு. முடியலேன்னா வீட்டுக்குப் போ."

"சரி சார்" என்றார் சேர்மத்துரை. வாதாட அவருக்குத் தெம்பில்லை.

மதியம் செய்தி வந்தது. "இன்று ஒருவர் நமது சேனலைத் திறந்து வைத்தார். வணக்கம்." அவ்வளவுதான்.

ரகோத்தமன் குதித்தார். "என் பேரு எங்கய்யா?"

"அஞ்சு ஊருக்கும் போன் போட்டுக் கேட்டேன் சார். ஒருத்தருக்கும் உங்களைத் தெரியலை."

விழாவுக்கு வந்திருந்த கடைக்காரர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். ரகோத்தமன் குரலை இறக்கினார். "சரி, இப்பவே திரும்பப் படி. என் பேரை முதல்ல போடு."

சேர்மத்துரை பேனாவைத் திறந்தார்.

"பால்காரருக்கு அடுத்ததாப் போடுறேன் சார். அவரை ஒரு ஊருக்காவது தெரியும்."