பின்கட்டில் விழுந்தவர்

தென்பெண்ணைக் கரையில் இருந்த சிறு மடத்தில் நாச்சியாரம்மை பாடம் சொல்லிவந்தார். கேட்க வந்தவர்களில் மூத்தவர் ஆளவந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவர் "அம்மா" என்பார். அம்மை "ஐயா" என்பார்.

ஒரு மாதம் போல ஆளவந்தார் மடத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். எட்டி நடந்தால் வந்துவிடும் தூரத்தில்தான் வீடு. புருவத்தின் மேல் புதுத் தழும்பு தெரிந்தது.

"நிலையில் இடித்துக்கொண்டேன்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

பாடம் முடிந்து எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, பயம் போக ஒரு மந்திரம் வேண்டும்."

"எதைக் கண்டு பயம்?"

"பொதுவாகத்தான்."

"பொதுவான பயத்துக்கு என்னிடம் மந்திரம் இல்லை, ஐயா."

ஆளவந்தார் புருவத்தைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார். பின்கட்டில் குளிக்கப் போகும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு தரம், இப்போது ஒரு தரம். இந்தத் தரம் எழுந்திருக்க முடியவில்லை. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் துணி துவைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்து, பிறகு சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார்.

"அவரைக் கூப்பிடவில்லையா?"

"ஊருக்கே நிலம் அளந்து கொடுத்தவன், அம்மா. வேட்டி நனைந்து விழுந்து கிடக்கிறேன் என்று எப்படிக் கூப்பிடுவது?"

"மகளுக்குத் தெரியுமா?"

"தெரிந்தால் வீட்டைப் பூட்டி என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்."

விழுந்த அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டு இறங்கியிருக்கவில்லை. குளியல்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நாற்காலியே கதி.

மறுநாள் காலை நாச்சியாரம்மை அவர் வீட்டுக்கு வந்தார். மந்திரம் சொல்லித்தருவார் என்று ஆளவந்தார் விளக்கேற்றி வைத்திருந்தார். அம்மை துடைப்பத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போய்ப் பாசியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்களா! விடுங்கள்."

"நடைவழியில் பாய் சுருண்டு கிடக்கிறதே, அதை எடுங்கள். அந்தச் செருப்பையும் தூக்கிப் போடுங்கள். அடி வழவழவென்று தேய்ந்துவிட்டது."

இரண்டையும் செய்தார். சுவரில் ஒரு கைப்பிடி பதிக்க அம்மை கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு ஆளவந்தாரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்."

முயன்றார். தொடை நடுங்கியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"போன மாதம்வரை முடிந்ததே, அம்மா!"

"போன மாதம்வரை நடந்தீர்களே. இன்றைக்கு ஊன்றியே எழுந்திருங்கள். தினமும் செய்யுங்கள். சாயங்காலம் நானே வருகிறேன், மடத்துக்குச் சேர்ந்து நடப்போம்."

"நடந்தால் விழுவேனே!"

"உட்கார்ந்தே இருந்தால் கால் நடையை மறந்துவிடும்."

மேசையில் இருந்த கைப்பேசியை எடுத்து அம்மை அவரிடம் நீட்டினார்.

ஆளவந்தார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகளை அழைத்தார்.

தமயந்தி முதலில் திட்டினாள். பிறகு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போகவா?"

"உங்களைப் பார்க்கப்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மை வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இனி நான் விழமாட்டேனா?"

"விழலாம், ஐயா. விழுந்தால் சத்தமாகக் கூப்பிடுங்கள்."