மூன்று முத்திரைக் கதவு

ஒரே ஆற்றின் இரு பக்கமும் வடகரை, தென்கரை என்று இரண்டு நாடுகள். இரண்டிடமும் அணுவுலை உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. நீ குண்டு செய்கிறாய், இல்லை நீதான் செய்கிறாய் என்று ஒரு தலைமுறை முழுக்க முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் உலக அமைப்பு ஒன்று நடுவில் புகுந்து ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது.

எரிந்து தீர்ந்த எரிபொருளிலிருந்து குண்டுக்கான சரக்கைப் பிரித்தெடுக்கலாம். ஆகவே அது கிடக்கும் தண்ணீர்த் தொட்டி அறைக் கதவில் மூன்று முத்திரைகள். நாட்டுக்கு ஒன்றாக இரண்டு, அமைப்புக்கு ஒன்று. மூவரும் சேர்ந்துதான் அகற்ற வேண்டும். முத்திரை என்றால் என்ன? ஒரு மெல்லிய கம்பி, ஒரு ஈயத் துண்டு. நகவெட்டி போதும், அறுந்துவிடும். உள்ளே கேமரா வைக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த நாட்டுக் கேமரா என்ற பேச்சே இன்னும் முடியவில்லை, போங்கள்!

ஒரு பிற்பகல் வடகரை உலையில் அபாய மணி அடித்தது. அந்த அறைக்குள் குழாய் விரிசல் விட்டு, தொட்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அடைக்க வேண்டிய வால்வும் உள்ளேதான். எரிபொருள் வெளியே தெரிந்தால் சூடேறி, நஞ்சு ஆற்றில் கலக்கும். இரு கரையும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

வடகரைப் பொறியாளர் பூங்கோதை ஓடி வந்தாள். ஒப்பந்தப்படி அந்த உலையிலேயே இருக்கும் தென்கரை அதிகாரி சடையப்பன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அமைச்சர் கூட்டத்துல இருக்காராம். உத்தரவு வராம நான் கையை வைக்க முடியாதும்மா" என்றார்.

பூங்கோதை அமைப்பின் கண்காணிப்பாளர் கதிர்காமரிடம் திரும்பினாள்.

"ஐயா, நான் அறுத்துட்டுப் போறேன். நீங்க கூட வந்து நான் என்ன செய்யுறேன்னு பாத்துக்கிட்டு மட்டும் நில்லுங்க."

"பாத்தா அறிக்கையில எழுதணும். எழுதினா ஒப்பந்தம் போயிடும். நான் எதையும் பாக்கலம்மா."

சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு வாயில் வருவதை எழுத முடியாது.

பூங்கோதை மூன்றையும் அறுத்து, தனியாக உள்ளே போய் வால்வை அடைத்தாள். ஆறு பிழைத்தது.

மறுநாள் தென்கரை கேட்டது: "தனியாகப் போனவள் எதை வெளியே எடுத்தாள்?" தொட்டியில் இருக்கும் எரிபொருள் தண்டுகளை எண்ணிப் பாருங்கள் என்றது வடகரை. போலியை மாற்றி வைத்திருக்கலாமே என்றது தென்கரை. அவள் மாற்றவில்லை, நான் பார்த்தேன் என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. ஒப்பந்தம் கிழிந்தது. இரு கரையிலும் குண்டுக் கூடங்களின் கதவு திறந்தது. பூங்கோதையை அவள் அரசே வேலையிலிருந்து நிறுத்தியது.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி? ஒப்பந்தத்தை உண்மையில் முறித்தது யார்?

விடை: பூங்கோதை செய்ததே சரி. சடையப்பன் பயந்தவர், ஆனால் அவர் அவருடைய நாட்டின் ஆள், அவ்வளவுதான். முறித்தவர் கதிர்காமர். நகவெட்டிக்கு அறுகிற கம்பி யாரையும் தடுப்பதற்கு இல்லை; கதவு திறந்ததா என்று காட்டுவதற்கு. திறந்தபின் உள்ளே நடந்ததைப் பார்த்துச் சொல்லத்தான் அவருக்கு அந்த வேலை. அவர் கூடப் போயிருந்தால், "வால்வை அடைத்தாள், வேறெதையும் தொடவில்லை" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தைக் காப்பாற்றியிருக்கும். இப்போது புதிய ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடக்கிறது. கம்பியை இன்னும் தடிமனாக்கலாமா என்று ஆராயக் குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் கதிர்காமர்.