பம்பும் நாக்குத்தள்ளி மேடும்

சவரிராயன் சாருக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குருவுக்கு இருபத்தாறு.

குருவின் பெயர் அழகுமீனா. சிறுமலையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாரான அவருடைய விசிலுக்கு ஓடியவள். அந்தப் பழக்கத்தில் இன்னும் அவரை 'சார்' என்பாள். காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்க வந்த நாளிலிருந்து அவர் அவளை 'மாஸ்டர்' என்பார். யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று இருவருக்கும் குழப்பம். ஒரே நேரத்தில் கையைத் தூக்குவார்கள்.

அவர்கள் ஓட்டுவது சாதாரண சைக்கிள் அல்ல. தார் ரோட்டு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. கைப்பிடி கிடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். டயரில் பொடிப்பொடியாகப் பல் முளைத்திருக்கும். சரளைக்கல் பாதையைத் தின்பதற்கென்றே செய்தது.

தின்னக் கிடைத்தது நாக்குத்தள்ளி மேடு. பெயர் வைத்தவன் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காடு, நடுவில் கொட்டிக் கிடக்கும் சரளை. கால் வைத்தால் உருளும். சக்கரம் வைத்தால் சிரிக்கும்.

ஞாயிறு காலை அழகுமீனாவின் கூட்டம் அந்த மேட்டில் ஏறும். நடுவில் காலை ஊன்றக் கூடாது. ஊன்றாமல் ஏறினவர்களுக்கு உச்சியில் அவள் கையால் மலைவாழைப்பழம். ஊன்றினவருக்கு, மற்றவர்கள் தின்ற பழத்தின் தோல். அதைப் பையில் கட்டி, மலையைச் சுற்றி இறங்கும் தார் ரோடு வழியாக அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, ராக்காயி டீக்கடை ஆட்டுக்குப் போட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

ஆடு இப்போதெல்லாம் சவரிராயன் சாரின் முகம் பார்த்தாலே எழுந்து நிற்கிறது.

"மே…" என்னும்.

"வர்றேன் இரு. இன்னும் ஏறவே இல்லை" என்பார்.

இந்த முறை அவருக்கு அவசரம். மேட்டுக்குத் தார் போடப் போகிறார்கள். ரோடு ரோலர் வந்து டீக்கடை ஓரம் படுத்துவிட்டது.

"தார் போட்ட பிறகு ஏறினா என்ன சார் குறைச்சல்?" என்றாள் ராக்காயி.

"தார் போட்டா பால்வண்டியே ஏறும்மா. அதுல நான் என்னத்துக்கு?"

மாதா கோயிலில் முதல் பூசையை முடித்துக்கொண்டு வந்த ஒரு ஞாயிறு, குருவிடம் கேட்டார்.

"மாஸ்டர், எனக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது? கால்ல பலம் இல்லையா?"

"இருக்கு சார்."

"மூச்சு?"

"விசில் ஊதி ஊதி வளர்த்த மூச்சு. அதுக்கென்ன குறை?"

"அப்ப வைராக்கியம் பத்தலையா?"

அழகுமீனா அவர் சைக்கிளின் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல்தான் மடங்கியது. குத்தவைத்து உட்கார்ந்தாள். வால்வு மூடியைத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ்ஸ்.

"ஐயையோ! விடியக்காலையில எந்திரிச்சு அடிச்ச காத்து மாஸ்டர்!"

முன்டயரும் புஸ்ஸ்ஸ் என்றது. அவள் கையைத் தட்டிவிட்டு, தன் சைக்கிளில் ஏறி, கிளம்பிப் போய்விட்டாள்.

சவரிராயன் சார் டயரைப் பார்த்தார். ஆறிப்போன பூரி மாதிரி உட்கார்ந்திருந்தது. முப்பது வருடம் அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நெஞ்சு நிமிரணும், பந்து இறுகணும். தார் ரோட்டில் கல்லாக இறுகின டயர் சிட்டாகப் பறப்பதை அவரே அனுபவித்திருக்கிறார். இந்தப் பூரியை நம்பி யார் மேட்டில் ஏறுவது?

குருவின் தலை வளைவில் மறைந்தது. சார் சைக்கிளைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். சட்டத்தில் மாட்டியிருந்த கைப்பம்பைக் கழற்றினார்.

கீச் புஸ். கீச் புஸ்.

ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்க டீ குடிப்பாங்க. உங்க சைக்கிள் மட்டும் காத்துக் குடிக்குது."

"மெதுவாப் பேசும்மா!"

அன்றும் மேட்டின் நடுவில் வரும் நாவல்மர வளைவில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சர்ர்ர் என்று சுற்றியது. காலை ஊன்றினார். தோல் சுமந்தார். ஆடு தின்றது.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அவள் புஸ் என்று இறக்கினாள். இவர் கீச்சென்று ஏற்றினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கேட்டதற்கு வாயைத் திறக்காமல் வால்வைத் திறக்கிற குருவை உலகத்தில் எங்கே கண்டது என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் விடவில்லை. விடுகிற ஆள் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு, ரோலருக்குப் பக்கத்தில் தார் டின்கள் அடுக்கியிருந்தன.

"நாளைக்குக் காய்ச்சி ஊத்துறாங்க சார்" என்றாள் ராக்காயி.

சவரிராயன் சார் ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினார். குருவின் முன்னால் போய் நின்றார்.

"மாஸ்டர், இன்னைக்கு ஏறாம நான் வீடு போகமாட்டேன். ஏன் ஏற மாட்டேங்குது, சொல்லுங்க."

அழகுமீனா இந்தத் தடவை வால்வைத் தொடவில்லை. கையை நீட்டினாள்.

"பம்பக் குடுங்க சார்."

கொடுத்தார். அவள் பின்டயரில் மாட்டி அடிக்க ஆரம்பித்தாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். அச்சு அசல் பி.டி. சார்.

"ஒன்! டூ! ஏய், நெஞ்ச நிமித்து! சோத்துல உப்பு இருக்கா இல்லையா? ஒன்! டூ!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சார் காதைச் சொறிந்தார்.

"போதும் மாஸ்டர்."

"என்ன போதும்? இறுகட்டும் சார். ஒன்! டூ!"

முன்டயருக்கும் அதே மரியாதை நடந்தது. முடிந்ததும் சுண்டிப் பார்த்தாள். 'டிங்' என்றது. பம்பை அவர் சைக்கிளிலேயே மாட்டிவிட்டு, கூட்டத்தோடு மேலே போனாள்.

சார் பின்னாலேயே ஏறினார். இன்று சைக்கிள் ஓடவில்லை, குதித்தது. ஒவ்வொரு கல்லும் "என் மேலயா ஏறுற?" என்று எற்றிவிட்டது. முன்சக்கரம் டொக் டொக் என்றது. பின்சக்கரம் சர்ர்ர் என்றது. நாவல்மர வளைவுக்குக்கூடப் போகவில்லை, அதற்கு முன்பே சைக்கிள் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம் என்று உண்ணிச்செடிப் புதரில் கிடந்தார்கள்.

உள்ளங்கை எரிந்தது. கன்னம் சரளையில் ஒட்டியிருந்தது. அப்படிக் கிடந்தபோது, கண்ணுக்கு நேரே பாதை தெரிந்தது.

கூட்டத்தின் கடைசியில் போன மாஸ்டரின் சைக்கிள் தடம் ஒன்று. தூங்குகிற பிள்ளையின் தலை தலையணையில் பதிந்த மாதிரி, கற்கள் அமுங்கி, அறுபடாமல் மேலே போனது.

பக்கத்தில் இவர் தடம். கொஞ்சம் இருந்தது. அப்புறம் இல்லை. மறுபடி இருந்தது. மறுபடி இல்லை. இல்லாத இடத்திலெல்லாம் இவர் மண்ணிலேயே இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

எழுந்தார். மேலே போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு அடிவாரத்துக்கே இறங்கினார். ஆடு ஓடிவந்து பையை மோந்து பார்த்து, ஏமாந்து, தும்மியது.

சார் குத்தவைத்து உட்கார்ந்தார். வால்வு மூடியைத் தன் கையாலேயே திருகினார்.

புஸ்ஸ்ஸ்.

பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டைவிரலால் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் விட்டார். விரல் மெத்தென்று இறங்கியபோது நிறுத்தினார்.

"என்ன சார், இன்னைக்குக் காத்துக் குடிக்கலையா?"

"வயிறு உப்பிப் போச்சும்மா."

ஏறினார்.

டயர் இப்போது குதிக்கவில்லை. கரகர கரகர என்று முறுக்குத் தின்கிற மாதிரிக் கல்லைத் தின்றுகொண்டே போனது. வேகம் இல்லை. மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்கு அவரை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேன் பார்க்கப் போய்விட்டது. நாவல்மர வளைவு வந்தது. "ஊன்று, ஊன்றித் தொலை" என்றது இடது தொடை, தலைமையாசிரியர் குரலில். "மே…" என்று ஆட்டின் குரல் நினைவில் கேட்டது. சார் மிதித்தார். நாக்கு வெளியே வந்தது. வந்தால் வரட்டும் என்று மிதித்தார். வளைவு பின்னால் போனது. சட்டை முதுகில் ஒட்டியது. கண்ணில் வேர்வை இறங்கி வழி தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மிதித்தார். கரகர. கரகர. கரகர.

சத்தம் நின்றபோது உச்சியில் இருந்தார். வாழைத்தாரின் முன்னால்தான் கால் தரையைத் தொட்டது.

யாரும் கைதட்டவில்லை. அழகுமீனா ஒரு பழத்தைப் பிய்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். மெதுவாகத் தின்றார்.

தின்றுவிட்டு, எல்லோருடைய தோலையும் வழக்கம்போல் அவரே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதல் தடவை விழுந்ததும் ஊன்றினதுதானே. மேலும், ஆட்டோடு எதற்குப் பகை?

பிறகு சைக்கிளிலிருந்து பம்பை உருவினார். பள்ளத்தாக்கின் ஓரத்துக்குப் போய், வீசுவதற்குக் கையை ஓங்கினார்.

"இத்தனை நாளா என்னைக் கெடுத்தது இந்தச் சனியன்தான் மாஸ்டர். இனிமே இது எனக்கு எதுக்கு?"

அழகுமீனா வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுக்குப் போற வழி தார் ரோடு சார்."