தாட்பூட் கொடியின் கோபம்

அந்தக் காலத்தில் மலையில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. கொடி பேசும், வண்டு பேசும், மனிதர்கள் பதில் சொல்வார்கள். காது கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம்.

அன்றைக்குக் கொடிப்பழம் இப்போது நாம் பார்ப்பது போல ஓடும் சுருக்கமுமாக இருக்காது. தோல் மெல்லிசாக, வழவழவென்று இருக்கும். காயிலேயே தித்திக்கும். தானாக விழவும் விழாது. யாராவது வந்து பறிக்கும்வரை கொடி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

மலைச்சரிவில் நாகுத்தாய் என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷனைக் காட்டெருமை முட்டிக் கொன்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி அளவுக்குத் தோட்டம். அதில் வெயில் விழும் மூலையாகப் பார்த்துக் குழி எடுத்து, ஆட்டு எருவைக் கொட்டி, ஒரு கொடிப்பழ விதையை ஊன்றினாள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப்போகும் என்று குழியைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் வெட்டினாள். ஊற்று கீழே பள்ளத்தில் இருந்தது. தினமும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று சுமந்து மேடேறுவாள்.

கொடி முழங்கால் உயரம் வந்ததும் பந்தல் போட வேண்டியிருந்தது. மேல் தோட்டக்காரன் சடையாண்டியிடம் பெரிய மூங்கில் புதர் இருந்தது. அவனிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, நாலு மூங்கில் வெட்டிக்கிறேன். கொடிக்குப் பந்தல் போடணும்."

"உன் கொடிக்கு நான் எதுக்கு மூங்கில் குடுக்கணும்? தரையில கெடந்து படரட்டும், போ."

தரையில் படர்ந்தால் காய்க்காது. கொடி இரண்டு நாள் யோசித்தது. பிறகு மேட்டுப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து போய், சடையாண்டியின் வேலியைத் தன் சுருள் கம்பிகளால் பற்றிக்கொண்டது. வேலி மூலையில் நின்ற, முள் நிறைந்த கல்யாண முருங்கை மரத்திலும் ஏறியது.

இரண்டாம் வருஷம் பூத்தது. கருவண்டு ஒன்று பூப்பூவாகப் போய் உட்கார்ந்து மகரந்தத்தை முதுகில் சுமந்தது. வேலி நெடுகக் காய் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் நாகுத்தாயின் ஒரே மகள் செவந்தி, மூன்று மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கஞ்சி குடித்தால் வாந்தி. களி தின்றால் வாந்தி. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. ஒருநாள் நாகுத்தாய் ஒரு கொடிப்பழத்தைக் கீறி, சாற்றை அவள் வாயில் விட்டாள். அது தங்கியது.

"தாயி, நாளுக்கு ஒண்ணு எடுத்துக்க. பிள்ளை பெறக்கிற வரைக்கும் நான் தாங்குவேன்" என்றது கொடி.

ஐந்து நாள்தான் அப்படி நடந்தது. ஆறாம் நாள் நாகுத்தாய் ஊற்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது வேலி மொட்டையாக இருந்தது. இலைகள் கிழிந்து கிடந்தன. அறுந்த கொடிகளிலிருந்து நீர் சொட்டியது.

"யாரு செஞ்சது?"

"சடையாண்டி" என்றது கொடி. "பறிக்கல தாயி, பிடுங்கினான். மூணு கூடை. ஊர்த்தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீராம். முருங்கை உச்சியில கொஞ்சம் தப்பிச்சிருக்கு. முள்ளு குத்துதுன்னு விட்டுட்டான். நாளைக்குத் தொரட்டியோட வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

நாகுத்தாய் குடங்களை இறக்கிவைத்துவிட்டு நேரே மேல் தோட்டத்துக்கு நடந்தாள்.

"அண்ணே, எம் மகளுக்கு அந்தச் சாறு மட்டுந்தான் தங்குது. இருபது காயாவது திருப்பிக் குடுங்க."

"என் வேலியில காய்ச்சது என்னுது" என்றான் சடையாண்டி.

அவள் ஊர்க் கூட்டத்தைக் கூட்டினாள். அன்று சாயங்காலமே எல்லோரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நாகுத்தாய் நடந்ததைச் சொன்னாள். கருவண்டு பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது.

"நான் சாட்சி. குழி எடுத்தவ இவ. தண்ணி சொமந்தவ இவ. ஒவ்வொரு பூவுக்கும் நான் போனேன். இந்த ஆளு இன்னிக்கு மூணு கூடையோடதான் கொடிப் பக்கமே வந்தான்."

"வண்டு சாட்சியெல்லாம் இங்க செல்லாது" என்றார் ஊர்த்தலைவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வேர் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். வேருக்கும் வேலிக்கும் நடுவுல நாம எதுக்கு வழக்குப் பேசணும்? பறிச்ச கை எதுவோ, காய் அந்தக் கைக்குச் சொந்தம். இன்னிக்கும் சரி, என்னிக்கும் சரி."

நாகுத்தாய் எழுந்து நின்றாள்.

"தலைவரே, பேசறப்பவே உங்க வாயில அந்தப் பழ வாசம் அடிக்குது. எம் மகளோட உசுரைத் தின்னுட்டுத்தான் தீர்ப்புச் சொல்றீங்களா?"

சடையாண்டி சிரித்தான். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாகுத்தாய் கொடியின் தூரில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. மண்ணை அள்ளி அள்ளி வீசினாள். தீர்ப்பை ஒரு வார்த்தை விடாமல் கொடியிடம் சொன்னாள்.

"பறிச்ச கைக்கா?" என்று கேட்டது கொடி. "அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான்."

கொடியின் அறுந்துபோன நுனிகள்கூட முறுக்கேறிக்கொண்டு இருந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் சடையாண்டி தொரட்டியும் கூடையுமாக வந்தான். முருங்கை உச்சியில் அறுபது, எழுபது பழம் இருக்கும். அண்ணாந்து பார்த்து, தொரட்டியைத் தூக்கி, முதல் பழத்தின் காம்பில் கொக்கியை மாட்டப் போனான்.

அந்த நொடியில் கொடி தன் பிடியை விட்டது.

அதுவரை எந்தக் கொடியும் அப்படிச் செய்ததில்லை. தன் பிள்ளைகளின் தோலை ஓடு போல இறுக்கி, அத்தனை காம்பையும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டது. பழங்கள் சடசடவென்று விழுந்தன. ஒன்றுகூட உடையவில்லை. சரிவில் உருண்டு, வேலிச் சந்தில் நுழைந்து, நாகுத்தாயின் தோட்டத்தில் போய்க் குவிந்தன. கொக்கியில் ஒரு இலைதான் மாட்டியிருந்தது.

சடையாண்டி மேட்டில் நின்றுகொண்டு தாட்பூட் என்று குதித்தான். "ஏய்! அது என் பழம்! எடுத்துக் குடுடி!" என்று அவன் போட்ட கூச்சலில் ஊரே திரண்டுவிட்டது. ஊர்த்தலைவரும் வந்தார். சடையாண்டி வேலியைத் தாண்டிக் கீழே இறங்கினான். நாகுத்தாய் மண்வெட்டியோடு பழக்குவியலுக்கு முன்னால் நின்றாள்.

"ஒரு எட்டு வச்சுப் பாரு."

"அது என்னுதுடி!"

"நீ பறிச்சியா?" அவள் குரலில் மலை அதிர்ந்தது. "சொல்லு. இத்தனை பேரு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. உன் கை பறிச்சுதா? தலைவரே, நீங்களே சொல்லுங்க. நேத்துச் சொன்ன தீர்ப்பு இன்னிக்கு இருக்கா, இல்ல அதையும் தின்னுட்டீங்களா?"

ஊர்த்தலைவரின் முகம் கறுத்தது. யாரையும் பார்க்காமல், "அவன் பறிக்கல" என்று முணுமுணுத்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

அன்று செவந்திக்குச் சாறு தங்கியது. மறுநாளும் தங்கியது. பழங்களின் ஓடு உள்ளே இருந்ததைக் கெடவிடாமல் காத்தது. அவை தீரும் முன்பே கொடி மறுபடி காய்த்தது. மாதம் நிறைந்ததும் அவள் ஒரு பெண்ணைப் பெற்றாள். பிள்ளை மெலிவுதான், ஆனால் அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டது.

நாகுத்தாய் கொடியிடம் வந்து சொன்னாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனியாவது கோபத்தை விடு. பழத்தையெல்லாம் பழையபடி வழவழன்னு பண்ணிடு."

"முடிஞ்சுது உனக்கு" என்றது கொடி. "என் பிள்ளைகளை அவன் பச்சையாப் பிடுங்கினான் தாயி. அதைச் சரின்னு தீர்ப்புச் சொன்னப்ப ஊரே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் மறக்க மாட்டேன். அவசரப்பட்டு எவன் கை வச்சாலும் அவன் வாய் புளிச்சுக் கோணட்டும். கனிஞ்சா நானே போடுவேன். போட்ட பிறகும் என் பிள்ளைங்க முகம் கோபமாத்தான் இருக்கும். சுருங்கிக் கெடக்கேன்னு பார்க்கிறவன் தூக்கி எறிஞ்சுட்டுப் போகட்டும். எடுத்துத் திறந்து பார்க்கிறவளுக்குத்தான் இனிப்பு."

மூங்கில் பந்தலாகட்டும், மாடிக் கம்பியாகட்டும், எங்கே படரவிட்டாலும் அந்தக் கொடி காய்களைப் பறிக்க விடாமல் தானே உதிர்ப்பது அன்று முதல்தான். சடையாண்டி போட்ட கூச்சலை வைத்து மலைக்காரர்கள் அதைத் தாட்பூட் பழம் என்று கூப்பிடத் தொடங்கியதும் அன்றுதான். அதைத் தின்ன ஆசைப்படுகிறவர், ஊர்த்தலைவராகவே இருந்தாலும், இன்றுவரை தரையில் குனிந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.