நகத்துல நின்ன அரக்கன்

திண்டுக்கல்லுன்னு ஒரு ஊர்ல செண்பகவல்லின்னு ஒருத்தி இருந்தா. பல்செட்டு செய்யற இடத்துல வேலை. ம் கொட்டு பாப்பு, அதுக்குள்ள தூக்கமா?

அவளுக்குக் குட்டிக் குட்டி மாயலோகப் பொம்மைன்னா உசிரு. சுண்டுவிரல் ஒசரத்துக்கு அரக்கன், மந்திரவாதின்னு கடையில விக்குமே, அதை வாங்கி, தன் கையாலயே கிரீடம் கேடயமெல்லாம் செஞ்சு ஒட்டி, ஆளையே மாத்திடுவா. மதுரையில அதுக்கு வருஷா வருஷம் போட்டி. ரெண்டு வருஷமாத் தோத்துட்டா. "இந்தத் தடவையும் தோத்தா பெயிண்ட் டப்பாவையெல்லாம் யாருக்காவது குடுத்துடறேண்ணே"ன்னு அண்ணன் துரைப்பாண்டிகிட்ட வாக்கே குடுத்துட்டா.

போட்டியன்னிக்கு விடிஞ்சதும், கதாயுதத்தோட முறைச்சுக்கிட்டு நின்ன ஒரு அரக்கனை எடுத்தா. கதாயுதத்தை நறுக்குன்னு வெட்டினா. அவனை மீன் பிடிக்கிற ஆளா மாத்தப்போறா. விளக்குமாத்துக் குச்சியில தூண்டில், தையல் நூல்ல கயிறு, மாத்திரை அட்டையோட வெள்ளித்தாள்ல அரிசியளவு மீன்.

முதல் மீன், ஃபேன் காத்துல விர்ருனு பறந்துடுச்சு. ம்? ரெண்டாவது மீனைப் பல்லி லபக்குனு கவ்விக்கிட்டு ஓடிடுச்சு. மூணாவது மீன் நல்லா மாட்டிக்கிச்சு. ஆனா பசை சொட்டுனு அவ கட்டைவிரல் நகத்துல விழுந்து, அரக்கன் அது மேலயே பச்சக்குனு ஒட்டிக்கிட்டான்.

இழுத்தா, வரல. சோப்புத் தண்ணி, வரல. தேங்காண்ணெய், ம்ஹூம். அப்போ பஸ்ஸுக்கும் நேரமாயிடுச்சு.

"விட்டுடு புள்ள"ன்னாரு அண்ணன்.

"நான் விட்டாலும் இவன் விடமாட்டேங்கிறானே அண்ணே."

அப்புறம் நகம் பூரா நீலப் பெயிண்ட் அடிச்சா. ரெண்டு தாமரை வரைஞ்சா. விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மதுரைக்குப் போய்ச் சேந்தா.

அங்க நடுவரம்மா பூதக்கண்ணாடியோட வந்தாங்க. "பொம்மையைக் கீழ வைம்மா."

"வைக்க முடியாதுங்க. ஒட்டிக்கிட்டான்."

"நிக்கிறதுக்கு அடிப்பலகை வேணுமே, அது விதியாச்சே."

"நகந்தாங்க பலகை. குளம் வெட்டியிருக்கேன்."

நடுவரம்மா சிரிக்கல. குனிஞ்சு பாத்தாங்க. செண்பகவல்லிக்குப் பயத்துல கை வெடவெடன்னு நடுங்குது. கை நடுங்க தூண்டில் ஆடுது, தூண்டில் ஆட நூல் ஆடுது, நூல் நுனியில மீன் துள்துள்துள்ளுனு துள்ளுது.

நடுவரம்மா அப்படியே அசந்து போய் நின்னாங்க. "உசிரோட துடிக்குதுடி இது"ன்னாங்க. அப்புறம் கலகலன்னு சிரிச்சவங்கதான், நிறுத்தவே முடியல. முதல் பரிசு அவளுக்குத்தான்.

திரும்பி வர்றப்போ பஸ்ல கண்டக்டர் அந்த விரலை உத்துப் பாத்தாரு. "இவருக்கும் டிக்கெட் உண்டாம்மா?"

"கைக்குழந்தைங்க, டிக்கெட் கிடையாது"ன்னா அவ.

பஸ்ஸே கொல்லுனு சிரிச்சுச்சு.

அரக்கனும் அசந்துட்டான், கதையும் படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு பாப்பு.