வெறும் பொந்து

மழைக்காடு மூடிய ஒரு தீவில் அல்லியம்மை என்றொரு துறவி இருந்தார். அவருடைய சீடர் மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகவல்லி இறந்த பிறகு கப்பலேறி அவரிடம் வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் விடிந்ததும் மாசிலாமணி கேட்டார்.

"அம்மா, இன்னும் தினமும் ரெண்டு டம்ளர் டீதான் போடுகிறேன். ஒன்று ஆறிப்போகிறது. நான் சொன்னால் கை கேட்கமாட்டேன் என்கிறது. இதை எப்படி நிறுத்துவது?"

"காட்டுக்குள்ளே போய் வரலாம், வாங்க ஐயா."

அன்று முழுக்க நடந்தார்கள். சதுப்பில் ஒரு முதலை வாயைத் திறந்துவைத்து வெயில் காய்ந்தது. பெரிய நண்டு ஒன்று தென்னையிலிருந்து பின்பக்கமாக இறங்கியது. செண்பகவல்லி பார்த்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். எதைக் கண்டாலும் மாசிலாமணியின் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை.

மாலையில் ஓர் உயர்ந்த மரத்தடியில் அல்லியம்மை நின்றார். மேலே ஒரு பொந்து. ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று சிறகு இரைய வந்து அதன் வாயில் தொற்றிக்கொண்டது. தொண்டைக்குள் சேர்த்து வந்த பழங்களில் ஒன்றை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, உள்ளே அடைகாக்கும் பெட்டைக்கு ஊட்டுவதுபோல் நீட்டியது. உள்ளிருந்து எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பழம் கீழே விழுந்தது. அடுத்ததை நீட்டியது.

"பெட்டை எங்கே அம்மா?"

"போன அமாவாசைக்கு உடும்பு ஏறித் தின்றுவிட்டது."

"இதற்குத் தெரியாதா?"

"இது பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நடந்தது."

மாசிலாமணி பொந்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னால் பார்க்க முடியவில்லை. கல்லெறிந்து விரட்டிவிடட்டுமா? வேறு மரத்துக்காவது போய்ப் பிழைக்கும்."

"விரட்டுங்க."

அவர் குனிந்து சருகுக்குள் கல்லைத் துழாவினார். விரல்களில் ஈரமாக ஏதோ பட்டது. விழுந்த பழங்கள். சில அழுகியிருந்தன. சிலவற்றின் கொட்டை வெடித்து வெள்ளை வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கை அப்படியே நின்றது.

இருவாச்சி கடைசிப் பழத்தையும் நீட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"நாளைக்கும் வருமா?"

"வரும்."

"வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்துக்கு எதற்கம்மா கொண்டுவருகிறது?"

அல்லியம்மை காட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையிலிருந்து நாம் நடந்த நிழலெல்லாம், வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கீழே விழுந்த பழங்கள்தான் ஐயா."