ஓட்டுமார்பர் மொழிக்கு மெய்யொலி வந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஊராரோடு சரிக்குச் சரி வம்பளந்துகொண்டிருந்த காலத்தில், வானத்தின் மறுகோடியில் இரண்டு நிலாக்கள் உள்ள ஓர் உலகம் இருந்தது. அங்கே ஒரு கடலோரத்தில் ஓட்டுமார்பர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். ஆமைக்கு முதுகில் இருப்பதுபோல அவர்களுக்கு நெஞ்சில் ஓடு. உதடு கிடையாது, பல் கிடையாது. வாய் சங்கின் வாய்போல எப்போதும் திறந்தே இருக்கும்.

திறந்த வாயில் என்ன ஒலி வரும்? ஆ, ஈ, ஊ, ஏ, ஓ. அவ்வளவுதான் அவர்கள் மொழி. எல்லாம் உயிரொலி, மெய்யொலி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவர்கள் பேசாத பேச்சு இல்லை. ஒலியைக் குறுக்கினால் பக்கத்தில் இருப்பது, நீட்டினால் தூரத்தில் இருப்பது. குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் பதில். 'ஓ' என்றால் கடல். அதையே அலைபோல மடக்கி 'ஓஒஓ' என்றால் கடல் வருகிறது. தூரத்திலிருந்து கேட்டால் ஊரே பாடுவதுபோல இருக்கும்.

அந்த மொழியில் ஒரு குறை இருந்தது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கனவில் வந்ததையும் ஒரே மாதிரிதான் சொல்ல முடியும். 'பார்த்தேன்' என்று ஒரு சொல் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கனவில் பார்ப்பதற்கும் அதே சொல்தான். அடுத்தவர் சொல்லக் கேட்டு மனத்தில் பார்ப்பதற்கும் அதே சொல்தான்.

அந்தக் குறையால் அடிபட்டவள் ஈஆ. கடற்பாசி அள்ளிப் பிழைப்பவள். ஊர்த்தலைவன் ஓஊ அவளுடைய உடன்பிறந்த அண்ணன்.

முந்தைய வருஷம் வளைமூக்கன் என்ற பறவை அவளிடம் வந்து, கடல் வருகிறது, பார்த்தேன் என்றது. அவள் அதை அப்படியே ஊரில் வந்து சொன்னாள். ஓட்டுமார்பர் சூடான மணலில் முட்டையிட்டுப் பிள்ளை பொரிப்பவர்கள். எல்லாரும் முட்டைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். கடல் வரவே இல்லை. பறவை பக்கத்துக் கூட்டில் கேட்டதைத்தான் சொல்லியிருந்தது. மலைக்காற்றின் குளிரில் மூன்று முட்டைகள் விறைத்துப்போயின. அதில் ஒன்று ஓஊவின் தலைச்சன் பிள்ளை. அன்றைக்குப் பிறகு அவன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி யார் வாய்ச்சொல்லுக்காகவும் முட்டையைத் தொடுவதில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

இந்த வருஷம் முட்டைகள் பொரிய இன்னும் இரண்டே நாள் இருந்தது. பாசி அள்ளிக்கொண்டிருந்த ஈஆவின் கூடைமேல் வளைமூக்கன் வந்து உட்கார்ந்தது. கடல் வருகிறது என்றது. நீயே பார்த்தாயா என்று அவள் கேட்டாள். பார்த்தேன் என்றது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இந்த முறை அவள் ஊருக்கு ஓடவில்லை. கூடையைப் போட்டுவிட்டு முனைப்பாறைமேல் ஏறினாள்.

ஏறிப் பார்த்தாள். பட்டப்பகலில் இரண்டு நிலாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நின்றன. கடல் பின்வாங்கியிருந்தது. யாரும் கண்டிராத கடலடித் தரை பளபளத்தது. அதில் மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. அதற்கும் அப்பால், வானமும் நீரும் தொடும் இடத்தில், பச்சை நிறத்தில் ஒரு சுவர் எழுந்து நின்றது. அந்தச் சுவர் நகர்ந்தது.

ஈஆ உருண்டும் புரண்டும் இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. ஓஊ முட்டை மணலைக் கையால் சமன்செய்துகொண்டிருந்தான்.

"அண்ணா, கடல் வருகிறது."

அவன் திரும்பவில்லை. "போன வருஷமும் வந்தது."

"பார்த்தேன் அண்ணா."

"போன வருஷமும் பார்த்தாய்."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். சுற்றி நின்றவர்களிடம் நிலாக்களைப் பற்றிச் சொன்னாள், மீன்களைப் பற்றிச் சொன்னாள், பச்சைச் சுவரைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். கனவு அழகாக இருக்கிறது என்று ஒரு கிழவர் மெச்சவும் செய்தார். அதற்குள் அவள் உள்ளங்காலில் மண் அதிர ஆரம்பித்துவிட்டது. உலகில் உள்ள எல்லா ஒலியையும் வாயால் கொட்டித் தீர்த்தாயிற்று. இனி வாயால் ஆகாது.

பக்கத்தில் சிப்பி உடைக்கும் கல் கிடந்தது. ஈஆ அதை எடுத்தாள். தன் நெஞ்சோட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

டக்.

அப்படி ஓர் ஒலி எந்த ஓட்டுமார்பர் உடம்பிலிருந்தும் அதுவரை வந்ததில்லை. நெஞ்சோடுதான் அவர்களுக்கு உயிர்க்கவசம். விரிசல் விட்டால் சாகும்வரை ஒட்டாது. சண்டையில்கூட யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஊர் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

அவள் கல் இல்லாத கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை வெறுமையாக இருந்தது. "போன வருஷம் கடல் வருகிறது என்றேன்," என்றாள். தட்டவில்லை. பிறகு கல்லை இறுகப் பிடித்தாள். "இன்று கடல் வருகிறது." டக். "மீன்கள் தரையில் கிடக்கின்றன." டக். மூன்றாவது அடியில் ஓடு விரிசல் விட்டு நீல ரத்தம் கசிந்தது.

ஓஊ ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கேட்ட கதைக்காக யாரும் தன் நெஞ்சை உடைத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது அவனுக்கு உறைத்தது.

"போதும், புரிந்துவிட்டது," என்றான். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினான். "முட்டைகளை எடுங்கள்."

ஊர் முழுவதும் மணலில் பாய்ந்தது. இடுப்பில் ஒன்று, கக்கத்தில் ஒன்று, பாசிக்கூடையில் நாலு என்று அள்ளிக்கொண்டு மலைமேல் ஓடினார்கள். முட்டைகளுக்குக் குளிராமல் நடுவில் வைத்து, எல்லாரும் நெருக்கி நின்று வளைத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் மேலே வந்து சேர்வதற்கும் பச்சைச் சுவர் கரையில் வந்து உடைவதற்கும் சரியாக இருந்தது. வீடுகள் போயின, மணல் போயிற்று, முனைப்பாறையே முங்கிப்போயிற்று. மலைமேல் ஒரு முட்டைகூட உடையவில்லை.

ஓஊ தன் முட்டையில் காதை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு விரலை மடக்கித் தன் நெஞ்சில் மெல்லத் தட்டினான்.

"பிள்ளை உள்ளே அசைகிறது," என்றான் தங்கையிடம். டக்.

அவள் சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

அதன்பின் எல்லாருமே கண்டதைச் சொல்லும்போது தட்டிக்காட்டப் பழகினார்கள். கையில் கூடையும் பிள்ளையும் இருக்கும்போது எப்படித் தட்டுவது? அதனால் தொண்டையைச் சட்டென்று அடைத்து 'க்' என்று முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதுதான் அவர்களுடைய முதல் மெய்யொலி. பிறர் சொல்லக் கேட்டதற்கு மூக்கால் 'ங்' என்று இழுத்தார்கள்.

அன்று முதல்தான் ஓட்டுமார்பர் மொழியில் கண்டது 'க்' என்று அடைத்து நிற்கிறது, கேட்டது 'ங்' என்று மூக்கில் தொங்குகிறது, கனவும் ஆசையும் இன்னும் வாய் திறந்தபடியே முடிகின்றன.